அப்பாவின் ஜீப்புக்கு இன்ஜின் வேலையா, வேறு இன்ஜினா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். அப்பா 1994-இல் வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இந்திரா நகர் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. ஆர்.சி. 2029 வரை செல்லும். அப்பா போன வருஷம் தவறிவிட்டார், ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. மாதம் ஒருமுறை நண்பர்களோடு சக்லேஷ்பூர் பக்கம் காபி எஸ்டேட் பாதைகளுக்கு எடுத்துப் போவேன். இப்போது புகை தள்ளுகிறது, மேட்டில் திணறுகிறது. ஜே.சி. ரோட்டில் ஒரு மெக்கானிக் மூன்று வழி சொல்கிறார். இருக்கும் இன்ஜினையே இறக்கி முழு வேலை பார்க்க 1,20,000 ரூபாய். பழைய பொலேரோவில் இருந்து எடுத்த டி.ஐ. இன்ஜின் போட 85,000. இதே மாடல் இன்ஜினை குஜிரியில் (பழைய உதிரி பாகச் சந்தையில்) தேடிப் போட 45,000, "பழைய நம்பரையே அதில் அடித்துத் தருகிறேன், ஆர்.டி.ஓ. பக்கமே போக வேண்டாம், வண்டிக்கும் புது ஆயுசு" என்கிறார். எதைச் செய்யட்டும்?
– வாசகர், அல்சூர்

பதில்: 45,000 ரூபாய் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். மூன்றிலும் மலிவாகத் தெரிவது அதுதான், உங்களைக் காவல் நிலையம் வரை கொண்டுபோகக் கூடியதும் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன், என்னிடம் வழக்குக்காக வந்த ஒரு கட்சிக்காரரோடு ஆர்.டி.ஓ. மைதானத்தில் நின்றிருந்தேன். பதிவைப் புதுப்பிக்க வந்த பழைய ஜீப். ஆய்வாளர் இன்ஜின் பிளாக்கில் (இன்ஜினின் அடிப்படை வார்ப்பு உடலில்) நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் துணியால் துடைத்தார், மெல்லிய தாளை வைத்து பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். நம்பர் ஆர்.சி.யில் உள்ளதேதான். ஆனால் இரண்டு எண்கள் மட்டும் கொஞ்சம் ஆழமாக, கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்தன; சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய கோடுகள். அவர் ஒன்றும் பேசவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வண்டி வீடு திரும்ப எட்டு மாதம் ஆயிற்று.

இன்ஜின் நம்பர் என்பது தயாரிப்பாளர் பொறிக்க வேண்டிய அடையாளம். மத்திய மோட்டார் வாகன விதி 122 அதற்காகவே இருக்கிறது. பட்டறையில் அடிக்கும் நம்பர் போலி அடையாளம். பாரதிய நியாய சன்ஹிதாவில் (இப்போதைய தண்டனைச் சட்டம்) சொத்து அடையாளத்தைச் சிதைப்பதும் போலியாக இடுவதும் குற்றங்கள் (பிரிவுகள் 345 முதல் 347 வரை). அந்த குஜிரி இன்ஜின் திருட்டு வண்டியில் இருந்து வந்ததாக இருந்தால், திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றமும் சேரும். பிரிவு 317(2)-இன்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை. "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லலாம்தான். அசல் நம்பரை ராவிவிட்டு உங்கள் நம்பரை அடிக்கச் சம்மதித்த பிறகு அதை யார் நம்புவார்கள்?

இன்னொன்று, "புது ஆயுசு" பேச்சும் தவறு. வண்டியின் வயது முதல் பதிவுத் தேதியில் இருந்து ஓடுகிறது. இன்ஜினைப் பார்த்து யாரும் எண்ணுவதில்லை. டெல்லியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் தடையில் சிக்கியவர்கள் பலர் இதே நம்பிக்கையில் இன்ஜினுக்குச் செலவழித்து ஏமாந்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் அப்படி வயதுத் தடை இல்லாததால்தான் உங்கள் ஜீப் இன்னும் சாலையில் இருக்கிறது.

இனி டி.ஐ. இன்ஜின். நண்பர்கள் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், இழுவையும் கூடும். உங்கள் வண்டியில் இருப்பது பெஜோ வடிவமைப்பான எக்ஸ்.டி.பி. 4.90 என்று எடுத்துக்கொள்கிறேன். 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், 2,112 சி.சி. டி.ஐ. இன்ஜின் 2,523 சி.சி. இரண்டும் டீசல்தான், இரண்டும் மஹிந்திராவில் வந்தவைதான். ஆனாலும் ஆர்.சி.யில் சி.சி. மாறுகிறது, இன்ஜின் வகை மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52(1) சொல்வது சுருக்கம்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள ஆர்.டி.ஓ. – ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அப்படியே உறுதி செய்து, மாநில விதிகளைக் காட்டி இந்தச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்றது.

அதே பிரிவின் 2-ஆம் உட்பிரிவைப் பாருங்கள். பத்து போக்குவரத்து வாகனங்களுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கு, முன் அனுமதி இல்லாமலே இன்ஜின் மாற்றிக்கொள்ள மாநில அரசு சலுகை தரலாம் என்கிறது. அந்தச் சலுகைகூட "அதே தயாரிப்பு, அதே வகை" இன்ஜினுக்கு மட்டும்தான். பஸ் முதலாளிக்கே இவ்வளவுதான் என்றால், ஒற்றை ஜீப் வைத்திருக்கும் நீங்கள் வேறு வகை இன்ஜினுக்கு ஒப்புதல் கேட்டு மனுப் போட்டால் என்ன பதில் வரும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் மாற்றினால் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182A(4) பாயும்: 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். பாலிசியில் ஓர் இன்ஜின் நம்பர், வண்டியில் வேறொன்று என்றிருந்தால், சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும்.

"எஸ்டேட்டுக்குள்தானே ஓட்டுகிறேன்" என்று நினைக்கலாம். எஸ்டேட் தனியார் நிலம், சரி. அங்கே போய்ச் சேர ஹாசன் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டுகிறீர்களே! லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எஸ்டேட் கேட்டுக்குள் இறக்கினால் மட்டும்தான் அந்த வாதம் நிற்கும்.

ஆக, என் யோசனை முதல் வழி. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றினாலும், கிராங்க் ஷாஃப்டை லேத்துக்கு அனுப்பிக் கடைந்தாலும், பிளாக் அதே பிளாக். நம்பர் அதே நம்பர். அது பழுதுபார்ப்பு, வண்டியின் மாற்றம் அல்ல. யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இன்ஜினை இறக்கிப் பிரித்த பிறகு "பிளாக்கில் விரிசல் சார், வேறு பிளாக்தான்" என்பார்கள். அந்த நிமிஷமே இது மாற்றமாகிவிடுகிறது. எனவே மற்ற பாகங்களை வாங்கும் முன் பிளாக்கை பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள்.

விரிசல் உண்மை என்றால் அதே எக்ஸ்.டி.பி. இன்ஜினை, அதன் சொந்த நம்பரோடு, ரசீதோடு வாங்குங்கள். ரசீதில் இன்ஜின் நம்பரும், எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதும் இருக்கட்டும். தேசியக் குற்றப் பதிவு அமைப்பின் வாகன் சமன்வய் சேவையில் அந்த நம்பர் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கையை எடுத்து வையுங்கள். பிறகு ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும் என்கிறது பிரிவு 52(3). அதன் பின் இன்சூரன்ஸிலும் திருத்தம். பழைய பிளாக்கை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் அப்பா பெயரில் உள்ள நம்பர் அதில் இருக்கிறது.

இதில் ஆர்.டி.ஓ. ஒப்புதல் தேவைப்படும் எதையும் செய்ய நீங்கள் சட்டப்படி உரிமையாளராக இருக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி 56. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். தாமதத்துக்குப் பணம் கட்ட நேரலாம், அதோடு முடியும். இறப்புச் சான்று, நாடகச்சேரியில் வாங்கும் வம்சவிருட்சச் சான்று (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நாடகம் ஒன்றும் இல்லை, வருவாய்த் துறை அலுவலகம்தான்), அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று தரும் கடிதம், இவற்றோடு போங்கள். இருக்கும் இன்ஜினைப் பழுதுபார்க்க இது தடையில்லை என்றாலும், அப்பா பெயரிலேயே பாலிசியும் கிடக்க நீங்கள் ஓட்டி விபத்து நடந்தால் குடும்பம் முழுக்கக் கோர்ட்டுக்கு அலையும்.

பட்டறையில் வாய்ப்பேச்சு வேண்டாம். வேலைச் சீட்டில் இன்ஜின் நம்பர், மாற்றும் பாகங்கள், மொத்தத் தொகை, கியாரண்டி மாதம், எல்லாம் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் செய்தால் 18% ஜி.எஸ்.டி. மிச்சம் என்பார். 1,20,000-க்கு அது 21,600 ரூபாய். பில் இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் இன்ஜின் சீஸ் ஆனாலும் வேலை பார்த்தது அவர்தான் என்று நிரூபிக்கவே திண்டாடுவீர்கள். பில் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமே இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கூலி பாக்கி வைத்தால் வண்டியை நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 மெக்கானிக்குக்கும் உரிமை தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜீப்பைப் பட்டறையில் விடும் முன், நீங்களே பிளாக் நம்பரை பென்சில் அச்சு எடுத்து, போனிலும் தேதி விழும்படி ஒரு படம் பிடித்து வையுங்கள். வேலை முடிந்து வாங்கும்போது அதே இடத்தில் இன்னொரு அச்சு எடுத்து இரண்டையும் ஒட்டிப் பாருங்கள்.