“இருங்கோ அப்பா” என்றீர்களே, அவர் என்ன சொல்ல வந்தார்?

கேள்வி: எனக்கு 46 வயது. மனைவி, பிள்ளைகளோடு கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒரே தம்பி கனடாவில், ஸ்காபரோவில். அப்பாவுக்கு 77. அம்மா போன பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் தனியாக இருக்கிறார். முடிந்த ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பேன். ஓகஸ்டில் தம்பி லீவில் வந்தபோது, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று இண்டியானா ஜோன்ஸ் ஐந்தாவது படத்தை அவர் வீட்டில் போட்டோம். 1983இல் கண்டியில் வேலை செய்தபோது இரண்டாவது படத்தின் படப்பிடிப்பை நேரில் பார்த்தவர் அவர். அந்த வருடமே ஆடிக் கலவரத்தோடு கண்டியை விட்டு வந்துவிட்டோம். ஐந்தாவது படத்தின் முடிவில், பழங்காலத்துக்குப் போய்விட்ட ஹீரோ, நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறார். கூட வந்த பெண் ஒரு குத்து விட்டு அவரை மயக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். அது அநியாயம் என்றேன் நான். அதுதான் சரி என்றான் தம்பி. இரவு ஒரு மணிவரை சண்டை. நடுவில் அப்பா ஏதோ சொல்ல வந்தார், “இருங்கோ அப்பா” என்றுவிட்டுத் தொடர்ந்தோம். அவர் படுக்கப் போய்விட்டார். அடுத்த நாள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் முன்னால் எனக்கு மூளையில்லை என்று தம்பி எழுதினான். நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். நாலு மாதமாகப் பேச்சில்லை. இப்போது அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட, பெற்றோருக்கான சூப்பர் விசா போடப் போகிறானாம். படத்தில் யார் பக்கம் நியாயம்? தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

வெள்ளவத்தை வாசகர்

பதில்: அப்பா என்ன சொல்ல வந்தார்?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தம்பி சொன்னது இருக்கிறது. நீங்கள் சொன்னது இருக்கிறது. குழுவில் யார் யார் பார்த்தார்கள் என்பதுகூட இருக்கிறது. அப்பா வாய் திறந்த இடத்தில் மட்டும் “ஏதோ” என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு மாதம் போய்விட்டது. அந்த “ஏதோ” என்னவென்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் பல வருடமாக வருகின்றன. அம்மாவின் தையல் மெஷினை யார் கொண்டுபோனது, கல்யாணத்தில் யார் பெயர் முதலில் அச்சானது, கிரிக்கெட் மட்ச் அன்று யார் என்ன சொன்னார் என்று சண்டைக்கு ஒரு காரணம் இருக்கும். உங்கள் வீட்டில் அது படம். ஐந்தாறு வரி தாண்டினால் எல்லாக் கடிதத்திலும் ஒரு வயதானவர் தனி வீட்டில் இருப்பார், பிள்ளைகள் இரண்டு நாட்டில் இருப்பார்கள். அதனால் இது வெறும் படச் சண்டைதானே, காலப்போக்கில் சரியாகிவிடும் என்று உங்களைத் தட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் ஐந்தையும் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடித்த படங்கள்தான். அதனால் அதற்கும் பதில் சொல்கிறேன்.

தன் வாழ்நாள் முழுக்கச் சரித்திரம் படித்த மனிதன், பழைய கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸை நேரில் பார்த்த பிறகு அங்கேயே இருக்க ஆசைப்பட்டால் விட வேண்டியதுதானே என்பது உங்கள் வாதம். அழகான வாதம். ஆனால் அந்தக் கிழவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்தீர்களா? 2008இல் வந்த நான்காவது படத்தில் அவருக்கு ஒரு மகன் இருப்பது தெரியவருகிறது. படம் முடியும்போது அந்த மகனின் தாயைக் கல்யாணமும் செய்கிறார். 2023இல் ஐந்தாவது படம் வரும்போது மகன் இல்லை. வியட்நாம் போரில் செத்துப்போயிருக்கிறான், அதுவும் திரைக்கு வெளியே. அந்தத் துக்கத்தில் கல்யாணமும் உடைந்து, பிரிவுப் பத்திரம் வீட்டுக்கு வந்து கிடக்கிறது. மகனை இப்படி இரண்டு வசனத்தில் சாகடித்தது சரியா என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஒரு பிள்ளையின் சாவை அவ்வளவு சுருக்கமாகக் கடக்கக்கூடாது. ஆனால் நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வீட்டில் யாருமே இல்லை என்பதை விட்டுவிட்டுத்தான் “அவருடைய விருப்பம்” என்று வாதாடியிருக்கிறீர்கள். குண்டுக் காயம் பட்டு, திரும்பிப் போனாலும் கதவு திறக்க ஆளில்லாத மனிதன் இங்கேயே இருக்கிறேன் என்கிறான். அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவது சுகமான காரியம், போகிறவருக்கு.

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர் இருக்குமா? “முடிந்த ஞாயிறுகளில்” என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாத ஞாயிறுகளில் அவர் யாரோடு சாப்பிடுகிறார்?

சரி, தம்பி. அந்தப் பெண் குத்தியது சரி, இல்லாவிட்டால் கிழவர் இரத்தம் போய்ச் செத்திருப்பார் என்பது அவர் கட்சி. காயம் பட்டவரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்தக் காட்சியில் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதைத் தம்பி கவனிக்கவில்லை. குத்து விழுகிறது, திரை இருள்கிறது, கிழவர் நியூயோர்க்கில் தன் கட்டிலில் கண் விழிக்கிறார். இடையில் நடந்தது எதுவும் இல்லை. யார் தூக்கினார்கள், யார் கட்டுப் போட்டார்கள், கண் விழிக்கும்வரை யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. கதைக்கு அது வசதி.

உங்கள் வீட்டில் அந்த இருட்டுக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா? விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி. அம்மாவின் படம் எந்தப் பெட்டியில் போகும் என்ற கேள்வி. வீட்டுத் திறப்பு யாரிடம். காலையில் பேப்பர் வாங்கப் போகும் கடையில் எப்படிச் சொல்லிவிட்டுப் போவது. பிறகு ஸ்காபரோவில் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, பனி கொட்டும் ஜன்னல் ஓரம், மாலை ஐந்து மணிவரை. சூப்பர் விசாவில் ஒரு தரம் போனால் ஐந்து வருடம்வரை இருக்கலாம். 77 வயதில் ஐந்து வருடம் என்பது எவ்வளவு என்று தம்பி கணக்குப் போட்டிருப்பாரா? படத்தில் கண் விழித்த பிறகு மனைவி மளிகைச் சாமானோடு உள்ளே வருகிறாள். அவள் வந்ததால்தான் அந்த முடிவு நிற்கிறது. ஸ்காபரோவில் பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு யார் வருவார் என்று தம்பி சொல்லட்டும், நானே அவர் பக்கம் பேசுகிறேன்.

ஆக, இரண்டு பேரும் படத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அப்பாவை எங்கே வைப்பது என்பதைப் பற்றி, அப்பாவின் வீட்டில், அப்பாவுக்கு முன்னாலேயே, அப்பா இல்லாததுபோலக் கதைத்திருக்கிறீர்கள். அவருக்கு அது விளங்காமல் இருந்திருக்குமா? 77 வயது மனிதருக்கு நாக்கில் வந்த சொல்லை விழுங்கிவிட்டு எழுந்து போவது எவ்வளவு பாரம்! அதுவும் அவருக்காகவே போட்ட படத்தில்.

இப்போது கண்டிக்கு வருகிறேன். அந்த இரண்டாவது படத்தை இந்தியாவில் எடுக்கத்தான் திட்டம் போட்டார்கள். கதையைப் படித்துவிட்டு அங்கே அனுமதி கொடுக்கவில்லை. அதனால் இங்கே வந்தார்கள். ஹந்தானையில் ஒரு கிராமத்தையே செட் போட்டார்கள். தொங்குபாலம் கட்டியது விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம். அணை கட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்ததால், அங்கிருந்த பொறியியலாளர்களின் உதவி கிடைத்தது. படத்தில் பாலம் அறுந்து விழுவது நிஜம். ஒரே ஒரு தரம்தான் அறுக்க முடியும் என்பதால் பல கமராக்களை வைத்து எடுத்தார்கள். உங்கள் அப்பா இதில் எதைப் பார்த்தார்? பாலத்தையா, கிராமத்தையா, ரோட்டில் போன வாகனங்களையா? யாரோடு போனார்? அம்மாவும் கூடப் போனாவா? உங்களுக்கு அப்போது நாலு வயது, தம்பி பிறந்திருக்கவே மாட்டார். அந்த நாளைத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். அவரைத்தான் “இருங்கோ” என்றிருக்கிறீர்கள்.

அதே வருடம் ஆடியில் கண்டியை விட்டு வந்தோம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். ஒரு மனிதன் வேலையை, வீட்டை, தெரிந்த தெருவை விட்டு, கைக்குழந்தை மாதிரி உங்களையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். நீங்கள் போக விரும்புகிறீர்களா என்று அன்று அவரை யாரும் கேட்கவில்லை. இப்போது இரண்டாம் தரமும் கேட்காமலே ஒரு பெட்டி கட்டப் பார்க்கிறீர்கள், அல்லது கேட்காமலே இருக்க வைக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் அம்மாவை நான் ஊரிலிருந்து கொழும்பு மாடி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நல்லதுக்குத்தான் என்று முடிவெடுத்தேன், கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு நாள், குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் கிணற்றில் இப்போது யார் அள்ளுகிறார்கள் என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது. அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

நான் நம்புவதை நேராகச் சொல்கிறேன். பெற்றவர் எங்கே இருப்பார் என்பதை முதலில் சொல்ல வேண்டியவர் பெற்றவர். பிள்ளைகள் அதற்குப் பிறகுதான். ஆனால் அவர் சொல்லிவிட்டார் என்பதோடு பிள்ளையின் கடமை முடியாது, அங்கேதான் தொடங்குகிறது. கொழும்பில்தான் இருப்பேன் என்று அவர் சொன்னால், நீங்கள் மூத்தவர், கிட்ட இருப்பவர். ஒன்றில் அவர் உங்கள் வீட்டில், அல்லது நீங்கள் அவர் வீட்டில். கடமையைத் தம்பியோடு சரிபாதியாகப் பிரிக்க நினைக்காதீர்கள். தம்பி பணம் அனுப்பலாம், நீங்கள் ராத்திரிக்குப் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். அந்தப் பாரத்தை மனைவியின் தலையில் வைத்துவிட்டு நீங்கள் கணக்குச் சொல்லவும் வேண்டாம். கனடா போகிறேன் என்று அவர் சொன்னால், பெட்டி கட்டுவதும் நீங்கள்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல்.

அவரைக் கேட்பது எப்படி என்பதிலும் கவனம் வேண்டும். 1989இல் வந்த மூன்றாவது படம் நினைவிருக்கிறதா? ஆகாயக் கப்பலில் தகப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நாம் ஒரு நாளும் மனம்விட்டுப் பேசியதே இல்லை என்று மகன் குறைப்படுவார். சரி, இதோ இருக்கிறேன், எதைப் பற்றிப் பேசலாம் என்று தகப்பன் கேட்பார். மகனுக்கு ஒரு சொல்லும் வராது. உங்களுக்கும் அதுதான் நடக்கும். நேராகப் போய், கனடாவா கொழும்பா என்று கேட்டால், “உங்களுக்கு எது வசதியோ” என்பார். நம் அப்பாமார் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள்.

கண்டிக்குக் கூட்டிப் போங்கள். பிள்ளைகளையும் மனைவியையும் இந்த ஒரு தரம் வீட்டில் விடுங்கள். அவர் வேலை செய்த இடம், குடியிருந்த தெரு, பிறகு விக்டோரியா பக்கம். போக மனமில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்தக்கூடாது, அதற்கு அவருக்குக் காரணம் இருக்கலாம். அப்படியானால் கொட்டாஞ்சேனை வீட்டிலேயே, அவர் கதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என்னப்பா சொல்ல வந்தீங்கள், நாங்கள் விடவில்லையே என்று கேளுங்கள். மறந்துவிட்டேன் என்பார். மறந்திருக்க மாட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். பாலத்தில் தொடங்கி அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இரண்டு மணித்தியாலம் ஆகலாம். படத்துக்கு இரண்டரை மணித்தியாலம் உட்கார்ந்தீர்களே.

தம்பியிடம் மன்னிப்பா? படத்துக்காக வேண்டாம். வட்ஸ்அப்பில் அண்ணனை அப்படி எழுதியது அவர் தப்பு, அதை அவர்தான் திருத்த வேண்டும். ஆனால் பேச்சை முதலில் தொடங்க வேண்டியவர் நீங்கள், மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக. குழுவில் திரும்பச் சேருவதெல்லாம் பிறகு பார்க்கலாம். அப்பா சொன்னதை முழுதாகக் கேட்டு முடித்த அன்றைக்கு, கனடாவில் விடியும் நேரம் பார்த்து வீடியோ அழைப்பு எடுங்கள். நீங்கள் பேச வேண்டாம். ஃபோனை அப்பாவின் கையில் கொடுங்கள்.