கதவு தொங்கினால் முதலில் கீலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய பிக்கப் கதவுகள்

கேள்வி: என்னுடைய பழைய பிக்கப்பில் ஓட்டுநர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. கேபின் பக்கத்தில் கதவின் பூட்டு வந்து மாட்டும் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது, இப்போது மறுபடியும் பழையபடியே. இன்னும் கீழே இறக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து இறக்காதீர்கள். ஸ்ட்ரைக்கரின் வேலை சாத்திய கதவைப் பிடித்து வைத்துக்கொள்வது மட்டும்தான். கதவைத் தூக்கி நிறுத்துவது கீலின் வேலை. கதவு தொங்கத் தொங்க நீங்கள் ஸ்ட்ரைக்கரைத் துரத்திக்கொண்டு போனால் ஒரு நாள் அது நகர இடமில்லாமல் நின்றுவிடும், அதற்குள் பூட்டும் தேய்ந்திருக்கும். பாதிக் கொக்கியில் நிற்கிற கதவு ஓடும் வண்டியில் திறந்துகொள்ளக்கூடும் என்பதால் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

வண்டியைச் சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் படும்படி நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிய நிலையில் கதவைச் சரிசெய்தால், வண்டியை இறக்கியதும் இடைவெளி மாறிவிடும். பழைய சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) அவ்வளவு முறுக்கிக்கொள்ளும். கதவைப் பாதி திறந்து, பின்முனையை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், இன்னொருவர் கீலைப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். கீல் தகடுகள் அசையாமல், அவற்றைக் கோர்க்கும் கம்பியான 'பின்' (pin) மட்டும் 'டக் டக்' என்று ஆடினால், தேய்ந்தது பின்னும், அது சுழலும் சின்னக் குழாயான புஷ்ஷும். தகடு கதவின் மேல் நழுவினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டெல்லாம் இறுக்கமாக இருந்தும் கீலோடு சேர்ந்து, கீலைத் தாங்கும் கேபின் தூணின் தகடே உள்ளும் வெளியும் மூச்சு விடுவதுபோல அசைந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வெல்டிங்தான் வழி, எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது.

உங்கள் வண்டியில் பின்தான் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதிகம் திறந்து மூடப்படுவது ஓட்டுநர் பக்கக் கதவுதான். நான் முதன்முதலில் கழற்றிய அப்படியொரு பின் இன்னும் நினைவிருக்கிறது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை, எண்ணெய் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே வருடியபோது பாதியில் ஒரு படிக்கட்டு மாதிரி நகம் தடுக்கி நின்றது. புஷ்ஷில் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன் அரை நாள் ஸ்ட்ரைக்கரோடு போராடியிருந்தேன்.

பின்னை எடுக்கும் முன் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஜாக்கியின் மேல் மரக்கட்டையும் தடித்த துணியும் வைத்துக் கதவின் எடையை அதில் தாங்கிக்கொள்ளுங்கள், கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். புதுப் புஷ்ஷைச் சுத்தியால் அடித்து ஏற்றினால் வாய் நசுங்கும். வைஸில் (திருகி இறுக்கும் பிடிகருவி) வைத்து மெதுவாக அழுத்தி ஏற்றுங்கள். ஓட்டையே கோணலாகிவிட்டால் புதுப் புஷ்ஷும் ஆடத்தான் செய்யும். அப்போது லேத் வேலைக்குக் கொடுத்துச் சரியான அளவுக்குத் துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற புஷ் போட வேண்டும்.

புஷ் மாற்றிய பிறகும் கதவு கொஞ்சம் கீழே இருந்தால்தான் போல்ட்டைத் தொடவேண்டும். தொடும் முன் கீல் தகட்டைச் சுற்றிக் கூரான ஊசியால் கோடு கிழித்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும். பெரும்பாலான பிக்கப்களில் தூண் பக்கத்து போல்ட்கள் கதவை மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தும். கதவு பக்கத்து போல்ட்கள் உள்ளே வெளியே நகர்த்தும். சில மாடல்களில் இது மாறும், ஒரு போல்ட்டை லேசாகத் தளர்த்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்முனை தொங்குகிறது என்றால் முழுக் கதவையும் தூக்கவேண்டாம், மேல் கீலை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் பின்முனை தானாக எழும். எவ்வளவு எழும் என்பதையும் கணக்குப் போடலாம்: இரண்டு கீலுக்கும் நடுவே 40 செ.மீ., கதவின் நீளம் 1 மீட்டர் என்றால் மேல் கீலில் 1 மி.மீ. நகர்த்தினால் பின்முனை 2.5 மி.மீ. ஏறும். அதனால் எல்லா போல்ட்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். ஒரு கீல், ஒரு சின்ன அசைவு, இறுக்கிச் சாத்திப் பார்ப்பது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அது இருந்தால் கதவு எங்கே போக நினைக்கிறது என்றே தெரியாது. கதவு தானாகச் சரியான இடத்தில் வந்து நின்ற பிறகு அதைத் திரும்பப் பூட்டுங்கள். கடைசி ஓர் அங்குலத்தில் கதவு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, இரண்டு 'க்ளிக்' தெளிவாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: பின், புஷ் எல்லாம் புதிது. ஆனாலும் கதவுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் சந்து மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருக்கிறது. இரண்டு கதவிலும் இப்படித்தான்.

பதில்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் கதவைக் குற்றம் சொல்வதற்கு முன் கேபினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர்கள் நசுங்கியோ வெடித்தோ போயிருந்தால் கேபின் கோணலாக உட்காரும், கதவின் வாய் சாய்சதுரமாகிவிடும். ரப்பரை மாற்றி, தேவையான இடத்தில் தகடு வைத்துக் கேபினை நேராக்கிய பிறகுதான் கீல். கதவுக்கு அடியில் இருக்கும் கீழ்ச்சட்டம் துருப்பிடித்து வெட்டி ஒட்டிய வண்டி என்றாலும் இதே கோணல் வரும், வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். 1930-களின் தொடக்கத்து வண்டி என்றால் பல கேபின்களில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். மரம் உளுத்திருந்தால் ஸ்க்ரூ எதையும் பிடிக்காது.

கேள்வி: கதவைச் சுற்றிப் புது பீடிங் ரப்பர் போட்டேன், கதவை அறைந்தால்தான் மூடுகிறது.

பதில்: முதலில் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாத்திப் பாருங்கள். சுலபமாக மூடினால் தடுப்பது உள்ளே அடைபட்ட காற்று, சின்ன கேபினில் இது சகஜம். அப்படியும் மூடவில்லை என்றால் ஒரு காகிதத் துண்டை ரப்பரில் வைத்துச் சாத்தி இழுத்துக்கொண்டே சுற்றி வாருங்கள், எங்கே கிழிகிற அளவுக்குப் பிடிக்கிறதோ அங்கே ரப்பர் தடிமன் அல்லது தப்பாக உட்கார்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பிடி என்றால் சிலிக்கான் கிரீஸ் தடவிச் சில நாள் கதவை மூடியே வையுங்கள், படியும். அறைந்து மட்டும் மூடாதீர்கள், புதுப் புஷ்ஷுக்கு அது நல்லதில்லை.

கேள்வி: கதவின் மேல் மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: கீலில் சரியாகவில்லை என்றால் கதவே முறுக்கியிருக்கிறது. கண்ணாடியை முழுக்க இறக்குங்கள், கீழ் மூலையில் கதவுக்கும் கேபினுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, மேல் மூலையைக் கையால் உள்ளே தள்ளுங்கள். கொஞ்சம் தள்ளிவிட்டு கட்டையை எடுத்துப் பாருங்கள், மறுபடி கொஞ்சம். பயமாகத்தான் இருக்கும், ஆனால் பழைய இரும்புத் தகடு பொறுமைக்கு இணங்கும்.

கேள்வி: மழைக்குப் பிறகு கதவுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம். கண்ணாடி ஓரத்தை சீலன்ட் வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் உள்ளே இறங்குவது இயல்புதான், அது வெளியேறக் கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. சேறோ பழைய பெயின்ட்டோ பட்டியோ அவற்றை அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், உள்பக்க அட்டையைக் கழற்றிக் காய வைத்து, அடி மடிப்பில் மெழுகு வகைத் துருத்தடுப்பான் அடியுங்கள். அட்டைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போட்டிருந்தால் புதிதாக ஒன்று ஒட்டுங்கள்.

கேள்வி: பெயின்ட் அடித்த பிறகு கதவை மாட்டலாமா, முன்பா?

பதில்: முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை. பெயின்ட்டுக்கு முன்பே ரப்பர், கண்ணாடி, பூட்டு எல்லாம் போட்டு, எடை ஏறிய கதவாக மாட்டி இடைவெளியைச் சரிசெய்யுங்கள், முன் மட்காடைக் கதவுக்கு ஏற்பக் கடைசியில் நகர்த்துங்கள். எல்லாம் பிடித்த மாதிரி வந்ததும், ஒவ்வொரு கீல் தகட்டிலும் தூணோடும் கதவோடும் சேர்த்து 3 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். பெயின்ட் முடிந்து மாட்டும்போது அதே 3 மி.மீ. ட்ரில் பிட்டுகளை அந்தத் துளைகளில் செருகிவிட்டு போல்ட்டை இறுக்கினால் கதவு பழைய இடத்திலேயே வந்து உட்காரும்.