டப்பாவில் தண்ணீர் தெரியாவிட்டால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தூத்துக்குடியில், கப்பலையும் சரக்கையும் பார்வையிட்டு அறிக்கை தரும் ஒரு சர்வே நிறுவனத்தில் எட்டு மாதங்களாகப் பயிற்சி சர்வேயராக இருக்கிறேன். சென்ற மாதம் வேறொரு துறைமுகத்தில் இரும்புத் தாதுப் பொடி ஏற்றிய கப்பலுக்கு மூத்தவர் ஒருவருடன் போனேன். சரக்கு அனுப்புகிறவர்கள் கொடுத்த ஈரப்பதச் சான்றிதழ் ஐந்து நாள் பழையது. அதற்குப் பிறகு இரண்டு இரவுகள் கொட்டித் தீர்த்திருக்கிறது. மூத்தவர் ஒரு டப்பாவில் பொடியைப் போட்டுத் தட்டினார். தண்ணீர் கசியவில்லை. ‘சரக்கு ஏற்றுவதற்குப் பாதுகாப்பானது’ என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். கப்பல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் வீணாகக் குழம்புகிறேனா? அறிக்கையை எப்படித்தான் எழுத வேண்டும்?

மு., தூத்துக்குடி

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் வீணாகக் குழம்பவில்லை. அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். கப்பல் போய்ச் சேர்ந்ததால் நீங்கள் எழுதியது சரியாகிவிடாது.

முதலில் அந்த டப்பாவைப் பார்ப்போம். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும் உருளை டப்பாவில் பாதி அளவுக்குப் பொடியை நிரப்பி, ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் இருபத்தைந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே ஓரிரு விநாடி. பிறகு மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். நீர் மினுங்கினாலோ, பொடி களியைப் போலத் தளதளத்தாலோ சரக்கை ஏற்றக் கூடாது. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். மறந்துவிடுவது மறுபாதியைத்தான். டப்பாவில் நீர் தெரியாவிட்டால் சரக்கு நல்லது என்று பொருள் இல்லை. நீர் வெளியே தெரியாமலே ஈரம் வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்று மொத்தச் சரக்குகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பே சொல்கிறது. ‘ஏற்றாதே’ என்று சொல்ல மட்டும்தான் அந்த டப்பாவுக்கு அதிகாரம் உண்டு. ‘ஏற்று’ என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

அதே விதித்தொகுப்பு இன்னொன்றும் சொல்கிறது. ஈரப்பதச் சோதனைக்கும் சரக்கு ஏற்றுவதற்கும் இடையே ஏழு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஏழு நாளுக்குள் பெருமழை பெய்தால் மறுபடி சோதிக்க வேண்டும். ஐந்து நாள் பழைய சான்றிதழ் சாதாரணமாகச் செல்லும். நடுவில் இரண்டு இரவு மழை பெய்த பிறகு செல்லாது. உங்கள் மூத்தவர் கேட்டிருக்க வேண்டியது புதிய சோதனையை.

ஈரமான கடற்கரை மணலில் நின்று காலை அழுத்தி அழுத்தி மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் சற்று நேரத்தில் குழைந்து, காலடியில் நடுங்கத் தொடங்கும். கப்பலின் சரக்கறையிலும் இதுதான் நடக்கிறது. இயந்திர அதிர்விலும் அலை ஆட்டத்திலும் பொடி இறுகுகிறது. துகள்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேற, நீர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அழுத்தம் கூடுகிறது. துகளுக்குத் துகள் இருந்த பிடிமானம் போய்விடுகிறது. மலைபோலக் குவிந்து நின்ற சரக்கு குழம்பாகி ஒரு பக்கம் ஓடும். கப்பல் மறுபக்கம் சாயும்போது முழுவதும் திரும்பி வராது. இப்படி இரண்டு மூன்று ஆட்டம் போதும், கப்பல் கவிழ்ந்துவிடும்.

2009-இல் நம் நாட்டுக் கடலிலேயே இரண்டு கப்பல்கள் மூழ்கிப் போயின. ஜூலையில் மங்களூர் அருகே ‘ஏசியன் ஃபாரஸ்ட்’, செப்டம்பரில் பாரதீப் அருகே ‘பிளாக் ரோஸ்’. இரண்டிலும் இரும்புத் தாதுப் பொடி, இரண்டும் மழைக்காலத்தில். 2015 ஜனவரி 2 அன்று, மலேசியாவின் குவாந்தானில் 46,400 டன் பாக்சைட் (அலுமினியத் தாது) ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘பல்க் ஜூப்பிட்டர்’ வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அங்கும் சரக்கு ஏற்றும்போது பலத்த மழை. பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய ஈரம் 21.3 சதவீதம் இருந்தது. அந்தப் பதினெட்டுப் பேரை நினைக்காமல் ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை என்னால் எழுத முடியாது. அது நம் சொல்லும் அல்ல. சரக்கின் தன்மையை அறிவிக்க வேண்டியவர் அதை அனுப்புகிறவர். ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுப்பவர் கப்பல் தலைவர். நாம் கண்டதைச் சொல்கிறவர்கள்.

அப்படியென்றால் என்ன எழுதியிருக்கலாம்? எத்தனை மணிக்கு, எந்தக் குவியலில், எவ்வளவு ஆழத்திலிருந்து மாதிரி எடுத்தீர்கள் என்று. ஆழம் முக்கியம்: வெயிலில் மேல்பரப்பு காய்ந்திருக்கும், ஒரு முழம் தோண்டினால் கையில் ஒட்டும். எத்தனை டப்பா தட்டினீர்கள், என்ன தெரிந்தது என்று. சான்றிதழின் தேதி, அதற்குப் பிறகு பெய்த மழை, மறுசோதனை நடந்ததற்கான ஆவணம் காட்டப்படவில்லை என்ற உண்மை. இவ்வளவுதான். இந்த நான்கு வரியைப் படித்தால் கப்பல் தலைவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, அரிசி மூட்டை ஏற்றப்போகும் கப்பலின் சரக்கறையைப் பார்த்து, ‘சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். தரை உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. ஆனால் மூலையில் இருந்த பில்ஜ் குழியின், அதாவது சரக்கறையில் கசியும் நீர் வந்து சேரும் குழியின், மூடியை நான் திறக்கவில்லை. அதன் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருந்தது. பயணத்தின் நடுவில் அந்த வழியே நீர் ஏறி அடி மூட்டைகள் நனைந்தன. வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “மூடியைத் திறந்தீர்களா?” இல்லை என்றேன். அதன்பின் என் அறிக்கையில் இருந்த மற்ற உண்மைகளையும் யாரும் மதிக்கவில்லை. அன்றிலிருந்து, திறக்காததைத் ‘திறந்து பார்க்கவில்லை’ என்றே எழுதி வருகிறேன்.

நனைந்த மூட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது, உங்கள் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. கடல்நீரா மழைநீரா என்று அறிய வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுகிறோம். பால்போல வெளுத்தால் குளோரைடு இருக்கிறது. ஆனால் தூத்துக்குடியில் உப்பளக் காற்று படாத இடம் எது? உப்பு ஏற்றிய லாரி நின்ற தளத்தில் இறக்கி வைத்த மூட்டையும் வெளுக்கும். பொட்டாஷ் உரம் எங்கே வைத்தாலும் வெளுக்கும், ஏனென்றால் அதுவே குளோரைடு. ஆகவே அதே சரக்கில் நனையாத மூட்டை ஒன்றையும், முடிந்தால் சரக்கறைக்குள்ளேயே, சோதித்து இரண்டையும் அறிக்கையில் சேருங்கள். உலர்ந்த மூட்டையும் வெளுத்தால் ‘கடல்நீர்ச் சேதம்’ என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்று. டிராஃப்ட் சர்வேயில், அதாவது கப்பல் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரக்கின் எடையைக் கணக்கிடும்போது, நீரின் அடர்த்தியை நீங்களே அளந்து பாருங்கள், கப்பலின் சீஃப் ஆபீசர் சொன்னதை எழுதிக்கொள்ளாதீர்கள். 50,000 டன் இடப்பெயர்ச்சி (கப்பல் விலக்கும் நீரின் எடை) உள்ள கப்பலில், அடர்த்தி 1.025 என்பதற்கும் 1.020 என்பதற்கும் ஏறக்குறைய 244 டன் வித்தியாசம்.

கடைசியாக, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் துறைமுகத்தில் மரத்தடிகளும் நிலக்கரியும் நிறைய இறங்குகின்றன. இரண்டும் மூடிய சரக்கறையில் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மேல்மூடி திறந்திருந்தாலும் ஏணி இறங்கும் குறுகிய கூண்டில் கெட்ட காற்று தங்கியிருக்கும். எந்த வாசனையும் வராது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். ஆக்சிஜன் அளக்கும் கருவியை முதலில் கயிற்றில் இறக்குங்கள். 20.9 சதவீதம் காட்டாவிட்டால் ஏணியில் கால் வைக்காதீர்கள், ஏஜெண்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. அறிக்கையில் ‘காற்று சரியில்லாததால் இறங்கவில்லை’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

உங்கள் மூத்தவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த முறை அவர் அந்த வரியை எழுதச் சொன்னால், “டப்பா சோதனையில் நீர் தென்படவில்லை என்று மட்டும் எழுதட்டுமா, அண்ணே?” என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கையெழுத்தை அவரே போடட்டும்.