வரையத் தெரியாத பெற்றோர் ஓவியம் கற்பிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கிறாள். ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. கைப்பேசியில் உள்ள படங்களைப் பார்த்து அச்சு அசலாக வரைகிறாள். எதிரில் இருக்கும் நாற்காலியை வரையச் சொன்னால் தடுமாறுகிறாள். எனக்கும் என் கணவருக்கும் வரையத் தெரியாது. நாங்கள் அவளுக்கு எப்படி உதவுவது?

பதில்: உங்கள் மகளுக்குக் கை பழகிவிட்டது, கண் இன்னும் பழகவில்லை. முப்பரிமாணப் பொருளைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா முன்னதாகவே முடித்துவிடுவதால், ஒளிப்படத்தைப் பார்த்து வரைபவர் கோடுகளைத் தாளுக்கு மாற்றினால் போதும். நாற்காலியின் முன் அமரும்போது அந்த வேலை முழுவதும் வரைபவரையே சேர்கிறது. தலையைச் சற்று அசைத்தாலும் கோணங்கள் மாறிவிடுகின்றன.

ஆகவே சில மாதங்களுக்குக் கைப்பேசிப் படங்களை ஒதுக்கிவையுங்கள். தடித்த அட்டையில் செவ்வகமாகச் சாளரம் வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, தாளிலும் அதே விகிதத்தில் மெல்லிய கட்டங்கள் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி அச்சாளரத்தின் வழியே பார்த்து வரையச் சொல்லுங்கள். நாற்காலிக் கால் எந்தக் கட்டத்தில் முடிகிறது, கால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் என்ன வடிவம் கொள்கிறது என்பவை அப்போது புலப்படும். 1880-இல், தம் 27-ஆவது வயதில், ஓவியராவதென முடிவுசெய்து பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்ட வின்சென்ட் வான்கோவும் 1882-இல் ஹேக் நகரில் இத்தகைய சாளரச் சட்டம் ஒன்றைச் செய்வித்துப் பயன்படுத்தினார். சில வாரங்களில் அட்டைச் சாளரத்தை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் வரையட்டும். நிழலிடுவதற்கு ஒரே பக்கத்திலிருந்து விழும் விளக்கொளியும், எச்.பி., 2பி, 6பி என மென்மையும் கருமையும் படிப்படியாகக் கூடும் பென்சில்களும் போதும்.

உங்களுக்கு வரையத் தெரியாதது குறையே அல்ல. ஆனால் மகளின் தாளில் நீங்கள் ஒருபோதும் கோடு போட்டுத் திருத்தாதீர்கள்; நன்கு வரையத் தெரிந்த பெற்றோர் பலர் செய்யும் தவறு அதுதான். “இந்தக் கால் அந்தக் காலைவிட நீளமாகவா தெரிகிறது?” என்று கேளுங்கள். படத்தைக் கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். இடவலம் மாறிய உருவத்தில், பார்த்துப் பழகிப்போன பிழைகள் சட்டெனக் கண்ணில் படும். மணி அடித்ததும் எழ வேண்டிய கட்டாயம் வீட்டில் இல்லாததால், வாரம் இருமுறையேனும் இடையறாத இரண்டு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள்.

தேறாத படங்களையும் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். சேர்க்கையின்போது மாணவரின் ஓவியத் தொகுப்பைக் கேட்கும் கல்லூரிகள் பலவும், படத்தைப் பார்த்து வரைந்த நகல்களைவிட நேரில் பார்த்து வரைந்தவற்றையே மதிக்கின்றன. முடிந்த ஓவியத்தோடு அதற்கு முந்தைய முயற்சிகளையும் காண விரும்புகின்றன. வீட்டில் கிடைக்காதது ஒன்றுதான்: அதே நாற்காலியை இன்னொருவர் எப்படி வரைந்திருக்கிறார் என்று பார்க்கும் வாய்ப்பு. மாதம் ஒருமுறையாவது, வரையும் ஆர்வமுள்ள பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை அழைத்து, ஒரே பொருளைச் சுற்றி அமர்ந்து வரையச் செய்யுங்கள்.