மருத்துவம் வேண்டாம் என்னும் மகளுக்குப் போட்டிச் சட்டம்

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்ற மகளை, வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கும்படி உறவினர்கள் நெருக்குவதாகவும், அவளோ ஆறாம் படிவத்தில் பொருளியல் எடுத்துச் சட்டம் பயில விரும்புவதாகவும் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ளார்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வீட்டை அடகு வைக்காதீர்கள். 2016 இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களும் ஒப்பந்த முறையிலேயே அமர்த்தப்பட்டனர். நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. படிக்கப் போகிறவளே வேண்டாம் என்னும் படிப்புக்கு இத்தனை கடன் எதற்கு? வற்புறுத்தும் மாமா அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே மாத்திரைக்கு இரு மருந்தகங்களில் ஏன் இரு விலை என்று உங்கள் மகள் குறிப்பேட்டில் எழுதி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்கள் போட்டிச் சட்ட வழக்கறிஞர்கள். 2012 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைப்பதையும், 10ஆம் பிரிவு சந்தையில் ஓங்கி நிற்கும் நிறுவனம் தன் வலிமையை முறைகேடாகப் பயன்படுத்துவதையும் தடுக்கின்றன. அபராதம் உலகளாவிய விற்பனை வருவாயில் பத்து விழுக்காடு வரை போகலாம். கோழித்தீவன விலையைக் கூடிப் பேசி உயர்த்தியதாக ஐந்து நிறுவனங்களுக்கு மலேசியப் போட்டி ஆணையம் 2023 டிசம்பரில் விதித்த அபராதம் 41 கோடியே 55 இலட்சம் வெள்ளி (ரிங்கிட்).

இவர்களின் நாள் நீதிமன்றத்தைவிட ஆவணங்களோடுதான் அதிகம் கழியும்: வணிகச் சங்கக் கூட்டக் குறிப்புகள், மின்னஞ்சல்கள், விலைப் பட்டியல்கள். ஒரு மருந்தின் சந்தை என்பது அந்த மருந்து மட்டுமா, மருத்துவர் அதற்கு மாற்றாக எழுதித் தரக்கூடிய மற்ற மருந்துகளும் சேர்ந்ததா என்று பொருளியலாளர்களோடு நாள்கணக்கில் வாதிடுவார்கள். அந்த விடையைப் பொறுத்தே ஒரு நிறுவனம் ஓங்கி நிற்கிறதா இல்லையா என்பது முடிவாகும். அமெரிக்காவில், மலிவு விலை மாற்று மருந்தைத் தாமதமாக வெளியிடுவதற்காகக் காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனம் போட்டியாளருக்குப் பணம் கொடுக்கும் உடன்பாடுகளும் போட்டிச் சட்டத்தின் பிடிக்குள் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆக்டாவிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. நோயாளியைத் தொடாமலே நோயாளிக்கு உதவும் வேலை இது. குற்றம் சாட்டப்பட்ட நிறுவனத்துக்காகவும் வாதாட வேண்டிவரும் என்பதை அவளிடம் மறைக்க வேண்டாம். அத்தரப்பும் வெல்வதுண்டு: வாகனம் பழுதுபார்க்கும் பட்டறைகளின் கட்டணம் தொடர்பாக 22 காப்புறுதி நிறுவனங்களுக்கு ஆணையம் 2020இல் விதித்த 17 கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022இல் நீக்கியது.

அரசுப் பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு ஆகும் செலவு சொற்பம். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். வழியாக மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ சட்டம் முடித்தால், வழக்கறிஞராவதற்கு வெளிநாட்டுப் பட்டதாரிகள் எழுதும் சி.எல்.பி. தேர்வும் தேவையில்லை. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. அப்போது கையில் வருவது குறைவுதான். இத்துறை வேலை பெரும்பாலும் கோலாலம்பூரில் இருப்பதால் அவள் பினாங்கை விட்டுப் போக நேரும். ஆங்கிலத்தோடு மலாயில் எழுதும் பழக்கத்தையும் அவள் இப்போதே வளர்த்துக்கொள்ளட்டும்; நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்கள் அம்மொழியில்தான் இருக்கும்.