பேட்டரி மாற்றியதும் வண்டி ஆஃப் ஆகிறதே, ஏன்?

கேள்வி: எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். பேட்டரி மாற்றும் வரை நன்றாக ஓடியது. புதுசு போட்டதிலிருந்து ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒரே சீராக இருப்பதே இல்லை. ஏசியோடு சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: பொறுங்கள். அதற்குள் செலவில் இறங்க வேண்டாம். புது பேட்டரியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் முன்பே இருந்த ஒரு கோளாறு இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினுக்குப் போகும் காற்று, த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் உள்ள மெல்லிய இடுக்கு வழியாகத்தான் போகிறது. பிரீதர் ஹோஸ் (எஞ்சினின் உள்புகையை வெளியே விடும் குழாய்) வழியாக வரும் எண்ணெய்ப் புகை வருடக்கணக்கில் அங்கே கரியாகப் படிந்து இடுக்கை அடைக்கும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் அதைக் கவனித்து, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வரும். உங்களுக்கு எதுவும் தெரியாது. பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் இந்தக் கற்றல் அழிந்துவிடும். தகடு கம்பெனி அளவுக்குத் திரும்பும். கரி மட்டும் அங்கேயே இருக்கும். காற்று போதாது. ஏசி கம்ப்ரஸரின் பாரமும் சேர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

முதலில் இரண்டு டெர்மினலையும் கையால் திருகிப் பாருங்கள். அசையவே கூடாது. எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டையும் பாருங்கள். சின்ன கார்களில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கும். பேட்டரியைத் தூக்கும்போது ஹோஸோ சென்சார் கனெக்டரோ கழன்றிருக்கலாம். ஐடிலிங் ஏறி ஏறி இறங்கி, 'உஸ்' என்று சத்தமும் வந்தால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது.

அதெல்லாம் சரியாக இருந்தால் வண்டிக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள். ஏசி, விளக்கு, பாட்டு எல்லாம் ஆஃப். பெடலைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை விடுங்கள். அப்புறம் ஏசி போட்டு ஐந்து நிமிடம். பிறகு 20, 30 கிலோமீட்டர் மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டுங்கள். சில மாடல்களுக்குத் தனி முறை உண்டு. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

அப்படியும் நின்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். மாற்றுவது கடைசி வேலை. இக்னிஷன் ஆஃபில், அதற்கான கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் தகட்டை விரலால் அழுத்தித் திறக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம். முடித்ததும் ஸ்கேனரில் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரியோடு கற்ற திறப்பு அப்படியே இருந்து ஐடிலிங் எகிறும். பலர் இதை விட்டுவிட்டு 'கிளீன் பண்ணியதும் கெட்டுப்போச்சு' என்கிறார்கள்.

ஸ்கேனர் மாட்டும்போதே லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்மையும் (பெட்ரோல் அளவை இசிஎம் எவ்வளவு கூட்டிக் குறைத்து வருகிறது என்ற கணக்கு) பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நாலைந்து நாள் ஓட்டிய பிறகு. பேட்டரி கழற்றியதும் அது பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். 10 சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் நின்றால் காற்றுக் கசிவையோ பெட்ரோல் பிரஷரையோ தேட வேண்டும். அங்கே த்ராட்டில் பாடியை மாற்றியும் பயனில்லை.