சேற்றில் கால் வைத்த ராட்சதன்

கேள்வி: அறிவியல் புனைகதைப் போர்களில் வீரன் அணியும் இயந்திரக் கவசம் பெரிதா, இரண்டு காலில் நடக்கும் ராட்சத ரோபோ பெரிதா? ரோபோ ஒரு மிதி மிதித்தால் பத்துக் கவசக்காரர்கள் காலி. பிறகு என்ன போட்டி? அறிவியல்படி பதில் சொல்லவும்.

பதில்: மிதிக்கிற வரை அந்தப் பத்துப் பேரும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்களா? சரி, ‘அறிவியல்படி’ என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

1.8 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவரை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். உயரம் 18 மீட்டர் ஆகும். உள்ளங்காலின் பரப்பு நூறு மடங்கு ஆகும். எடை மட்டும் ஆயிரம் மடங்கு ஏறி 80 டன்னில் போய் நிற்கும். நூறு மடங்குப் பாதம் ஆயிரம் மடங்குப் பாரத்தைச் சுமக்கிறது என்றால், தரையை அது நம்மைவிடப் பத்து மடங்கு அழுத்துகிறது. கலீலியோ 1638-லேயே விளக்கிவிட்டுப் போன விஷயம்தான் இது. மழை பெய்து ஊறிய வயலில் உங்கள் ரோபோ ஒரு காலைத் தூக்கினால், மொத்த எடையும் மற்ற காலில் இறங்கும். அந்தக் கால் புதையும். அதைப் பிடுங்க இந்தக் காலை ஊன்ற வேண்டும், இதுவும் புதையும். டாங்கிக்குச் சக்கரத்தைச் சுற்றி அகலமான சங்கிலிப் பட்டை போட்டது அழகுக்காக இல்லை. அந்தப் பட்டை அறுந்தால் டாங்கி நின்றுவிடும், அவ்வளவுதான். ரோபோவுக்கு முழங்கால் போனால் உள்ளே இருப்பவர் ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுவார்.

உயரமும் உதவாது. 18 மீட்டர் உச்சியிலிருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளித் தெரியும். பிரமாதம். ஆனால் அங்கே தரையோடு படுத்திருப்பவனுக்கும் ரோபோவின் தலை தெரியும். டாங்கி சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் குறுகி உட்கார்ந்திருப்பது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? 1898-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் தன் நாவலில் செவ்வாய்க்காரர்களை மூன்று கால் ராட்சத இயந்திரங்களில் ஏற்றி அனுப்பியபோதுகூட, குறி தப்பாத ஒரே பீரங்கிக் குண்டில் ஒன்றைச் சாய்த்துக் காட்டினார். நேர்மையான மனிதர்.

‘நிஜத்திலேயே செய்துவிட்டார்களே’ என்று ஜப்பானின் யோகோஹாமாவைக் காட்டுவீர்கள். ‘குண்டம்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் ரோபோவை 2020-ல் அங்கே செய்து திறந்தார்கள். அதுவும் 18 மீட்டர்தான், 25 டன். கை அசைத்தது, கால் தூக்கியது, மண்டியும் போட்டது. கொஞ்சம் பின்பக்கமாகப் போய்ப் பார்த்திருந்தால், இடுப்பை ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். தன் காலில் அது நிற்கவே இல்லை.

அதற்காகக் கவசக் கட்சிக்காரர்கள் விசிலடிக்க வேண்டாம். 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ‘ஹார்டிமேன்’ என்ற இயந்திரச் சட்டகத்தை உருவாக்க முயன்றது. 680 கிலோவைத் தூக்க வேண்டும் என்பது திட்டம். முழு உடலையும் சேர்த்து இயக்கினால் கட்டுப்பாடில்லாமல் உதறியது. உள்ளே ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! கடைசியில் ஒரு கை மட்டும்தான் உருப்படியாக வேலை செய்தது. 2013-ல் அமெரிக்கச் சிறப்புப் படைகள் ‘டாலோஸ்’ என்ற கவச உடைத் திட்டத்தை ஆரம்பித்தன. 2019-ல் முழு உடை வராமலே அது முடிந்தது. மின்சாரம்தான் பெரிய தலைவலி. எனக்கு வருகிற கதைகளில் கவச வீரன் மூன்று நாள் விடாமல் சண்டை போடுகிறான், ஒரு தடவைகூட சார்ஜ் போடுவதில்லை. அவனுக்கு மூக்கு அரிப்பதும் இல்லை.

ஆனாலும் என் ஓட்டு கவசத்துக்குத்தான். நீங்கள் மோதவிட்ட ஜோடியே தப்பு. ரோபோவின் எதிராளி கவசக்காரன் இல்லை, டாங்கி. அதே எடையும் அதே இரும்பும் கொடுத்தால் டாங்கி தாழ்வாக, தடித்த தோலோடு, வேகமாக ஓடும். கவசக்காரனின் எதிராளி வெறும் உடம்போடு வரும் காலாள். அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமந்தாலே, ஒரு குண்டைக் கூடுதலாகத் தாங்கினாலே கவசத்துக்கு லாபம். அதோடு கவசக்காரனால் கதவைத் திறந்து உள்ளே போக முடியும், படியேற முடியும். ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒளிந்திருப்பவனை ராட்சதன் எப்படிப் பிடிப்பான்? கட்டடத்தையே இடிக்கலாம். அதற்கு ஒரு பீரங்கி போதுமே.

அப்படியானால் ராட்சதக் கதைகளை எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம். 1979-ல் வந்த குண்டம் தொடரில் மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றைக் கற்பனை செய்தார்கள். அது பரவிய இடத்தில் ரேடார் வேலை செய்யாது, தூரத்திலிருந்து ஏவுகணை விட முடியாது, நேருக்கு நேர் வந்தாக வேண்டும். சண்டையில் ஒரு பகுதியை விண்வெளிக்குக் கொண்டுபோனதால் அங்கே சேற்றுப் பிரச்சினையும் போயிற்று. பொய்தான். ஆனால் உழைத்துச் சொன்ன பொய்.

உங்கள் கேள்வியின் வேகத்தைப் பார்த்தால் கையில் ஒரு ரோபோ கதை தயாராக இருக்கிறது என்று தோன்றுகிறது. அனுப்புங்கள், படிக்கிறேன். அது ஏன் மண்ணில் புதையவில்லை என்பதை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள்.